கருங்கண்ணிப் பருத்தி: காட்டிலிருந்து தறிக்குப் போகும் வழியில் தரம் எங்கே தொலைகிறது

கதர்க் கடையில் வாங்கும் துணியின் நூல் நம் மாவட்டத்திலேயே நூற்றதாக இருக்கலாம். நெய்ததும் பக்கத்து ஊராக இருக்கலாம். ஆனால் அந்தப் பஞ்சு நம் பக்கத்துக் கரிசலில் விளைந்ததாக இருப்பது அரிது. கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மையப் பட்டை ஆலைகள் (பட்டை என்பது நூற்பதற்காகத் திரியாக்கிய பஞ்சு) கேரளத்தின் குட்டூர், கர்நாடகத்தின் சித்ரதுர்கா, மத்தியப் பிரதேசத்தின் சேஹோர், உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி போன்ற ஊர்களில் இருக்கின்றன. வேறு வேறு இடங்களிலிருந்து பேலாக (அழுத்திக் கட்டிய பொதியாக) வரும் பஞ்சை அங்கே உடைத்து, சீவி, ரோவிங் என்னும் மெல்லிய திரியாக்கிக் கதர்ச் சங்கங்களுக்கு அனுப்புகிறார்கள். அதைத்தான் நூற்பவர்கள் ராட்டையில் மாட்டுகிறார்கள். உழைப்பு உள்ளூரில் இருக்கிறது, பஞ்சு இல்லை.

இது அலட்சியத்தால் வந்த நிலை அல்ல, கருவியால் வந்தது. அந்தக் கருவி எப்படி நம் பருத்தியை ஒதுக்கியது, அதே பருத்தி வேறொரு கருவியில் ஏன் நன்றாக நூலாகிறது என்பதைப் புரிந்துகொண்டால், கோவில்பட்டி, விளாத்திகுளம், அருப்புக்கோட்டைப் பக்கக் கரிசலில் இன்னும் மிச்சமிருக்கும் கருங்கண்ணியை என்ன செய்யலாம் என்பது தெளிவாகும்.

கருங்கண்ணி நாட்டுப் பருத்தி. தாவரவியலில் அதன் பெயர் காசிப்பியம் ஆர்போரியம். உப்பம் பருத்தி அதன் நெருங்கிய உறவு, ஹெர்பேசியம் என்னும் இனம். இன்று நாடெங்கும் விளைவது அமெரிக்க இனமான ஹிர்சுட்டம். தமிழகத்துக்கு அது இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கம்போடியாப் பருத்தி என்ற பெயரில் வந்தது. 2002-இல், காய்ப்புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு அனுமதி கிடைத்த பிறகு கிட்டத்தட்ட எல்லா நிலத்தையும் அதுவே பிடித்துக்கொண்டது. கோவில்பட்டியில் 1901-இல் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம் மானாவாரிக் கரிசலுக்கென்றே கருங்கண்ணியில் பல ரகங்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தது. ‘கே’ எழுத்தில் தொடங்கும் ரகங்கள் அங்கிருந்து வந்தவை.

புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, வடகிழக்குப் பருவமழையின் ஈரத்திலேயே காலத்தை ஓட்டும் செடி இது. வேர் ஆழமாகப் போகும். சாறு உறிஞ்சும் பூச்சிகளை ஓரளவு தானே தாங்கிக்கொள்ளும். இலைச்சுருட்டு வைரஸ் இந்த இனத்தைத் தாக்குவதில்லை. குறைகளையும் சொல்லிவிட வேண்டும். காய் சிறியது. வெடித்ததும் பஞ்சு சுளையை விட்டு வெளியே தொங்கும், காற்றில் உதிரும், காய்ந்த இலைத்தூள் அதில் எளிதாக ஒட்டும். ஏக்கருக்குக் கிடைக்கும் பஞ்சு அமெரிக்க இனத்தைவிடக் குறைவு.

விதை சேமிக்க நினைப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. நாட்டுப் பருத்திக்கு 26 குரோமோசோம், அமெரிக்க இனத்துக்கு 52. இந்த எண்ணிக்கை வேறுபாட்டால் இரண்டும் இயல்பாகக் கலந்து விதை தருவதில்லை. பக்கத்து வயலில் பிடி பருத்தி நின்றாலும் கருங்கண்ணியின் விதை கெடாது. கலப்பு நடப்பது வயலில் அல்ல, அரவை ஆலையில். முந்தைய லோடின் கொட்டை இயந்திரத்தின் அடியில் கிடக்கும். அதோடு நம் கொட்டையும் சேர்ந்து மூட்டையாகிவிடும். அடுத்த ஆண்டு வயலில் இரண்டு விதமான செடி நிற்பதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பேல் கட்டும்போது நடப்பது

கருங்கண்ணியின் இழை ஏறத்தாழ 22 முதல் 25 மில்லிமீட்டர் நீளம். தடிமனைக் குறிக்கும் மைக்ரோனேர் அளவு 5-க்கு மேல். ஆலைகள் விரும்பும் நீள இழைப் பஞ்சு 30 மில்லிமீட்டரைத் தாண்டும், மைக்ரோனேர் 3.5 முதல் 4 வரை இருக்கும். இந்த இரண்டு எண்களில்தான் கருங்கண்ணியின் விதி எழுதப்பட்டது.

கணக்கு இது. ஒரு நூலைக் குறுக்கே வெட்டினால் அதில் எத்தனை இழைகள் இருக்கின்றன என்பதுதான் நூற்பின் எல்லை. ரிங் இயந்திரத்தில் அறுந்துபோகாமல் நூற்க, குறுக்குவெட்டில் 80 முதல் 100 இழையாவது வேண்டும். மைக்ரோனேர் 5.5 உள்ள பஞ்சில் 20-ஆம் நம்பர் நூல் (நம்பர் கூடக் கூட நூல் மெல்லியது) நூற்றால் சுமார் 135 இழைகள் வரும், கவலை இல்லை. அதே பஞ்சில் 40-ஆம் நம்பர் நூற்றால் 68-தான் வரும், இயந்திரம் தடுமாறும். மைக்ரோனேர் 3.5 உள்ள பஞ்சில் 40-ஆம் நம்பருக்கு 107 கிடைக்கும். மெல்லிய நூலுக்குத்தான் சந்தை என்றான பிறகு, நாட்டுப் பருத்தி மெத்தைக்கும் அறுவை சிகிச்சைப் பஞ்சுக்கும் போனது.

இதோடு முடிந்திருந்தால் 20-ஆம் நம்பர் வரையிலாவது கருங்கண்ணி நிலைத்திருக்கும். அதையும் கெடுத்தது பேல். கொட்டை நீக்கிய பஞ்சை 170 கிலோ பேலாக அழுத்திக் கட்டுவது தொலைவுக்கு ஏற்றி அனுப்புவதற்காக மட்டுமே. நூற்புக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. அழுத்தத்தில் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாகின்றன. அதைப் பிரிக்க ஆலையில் முள் உருளைகளால் அடித்து அடித்துத் தளர்த்துகிறார்கள். நீள இழையில் பத்துக்கு ஒன்று முறிந்தாலும் மீதி நூற்கப் போதும். 22 மில்லிமீட்டர் இழை முறிந்தால் கிடைப்பது தூசியும் முடிச்சும்தான். குட்டை இழை தரம் குறைந்தது என்ற பெயர், குட்டை இழைக்குப் பொருந்தாத பாதையில் அதை அனுப்பியதால் வந்த பெயர். தெலங்கானா, ஆந்திரப் பகுதிகளில் மல்கா முயற்சி இந்த இடத்தைத்தான் கண்டறிந்து மாற்றியது. பேல் கட்டாத பஞ்சை வயலுக்கு அருகிலேயே சிறிய இயந்திரங்களில் நூற்றுக் கைத்தறிக்குக் கொடுத்தார்கள். அது கை நூற்பு அல்ல என்றாலும், வழி சரியானது.

கதரிலும் இதே சிக்கல் வேறு வடிவில் வந்தது. 1925-இல் அகில இந்திய சர்க்கா சங்கம் தொடங்கியபோது ராட்டை என்றால் நூலை முறுக்கிச் சுற்றும் கதிர் ஒன்றுதான். அதன் வேகம் போதாதென்று 1929-இல் சங்கம் புதிய ராட்டைக்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தது. பின்னாளில் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் உருவாக்கிய அம்பர் ராட்டை, ஆலையின் உருளை இழுப்பு முறையைக் கையால் சுற்றும் கருவிக்குக் கொண்டுவந்தது. அது அசாதாரணமான கண்டுபிடிப்பு. நூற்பவரின் கூலியை உண்மையாகவே உயர்த்தியது. ஆனால் உருளைகளின் இடைவெளி ஒரே அளவில் நிற்கும். உள்ளே வரும் ரோவிங் சீராகவும், இழை நீளம் ஒத்ததாகவும் இருந்தாக வேண்டும். கையால் கொட்டிய, அதாவது வில் நாணால் அடித்துத் தளர்த்திய பஞ்சு அங்கே ஓடாது. அதனால் மையப் பட்டை ஆலை வந்தது, அதோடு பேலும் வந்தது, நீள இழைப் பஞ்சும் வந்தது. கருங்கண்ணிக்கு இன்றும் பொருந்துவது ஒற்றைக் கதிர் ராட்டைதான். பெட்டி ராட்டையும் அந்த வகையே.

எடுப்பு, கொட்டை நீக்கல், பட்டை

நல்ல நூல் எடுப்பிலேயே தொடங்குகிறது. காலையில், பனி ஈரம் முழுக்கக் காய்வதற்குள் எடுத்தால் காய்ந்த சருகு நொறுங்காமல் இருக்கும். பத்து, பதினொரு மணிக்கு மேல் எடுத்த பஞ்சில் இலைத்தூள் கலந்துவிடும், பிறகு எந்தக் கருவியாலும் அதை முழுக்க நீக்க முடியாது. எடுத்ததை நிழலில் பரப்பி உலர்த்திய பிறகே மூட்டை கட்ட வேண்டும். ஈரத்தோடு கட்டினால் பஞ்சு மஞ்சளாகும், கொட்டையும் முளைப்புத்திறன் இழக்கும்.

மூன்று கிலோ பருத்தியில் ஏறத்தாழ ஒரு கிலோ பஞ்சு, மீதி கொட்டை. சிறு அளவுக்கு, மரப் பலகையின் மேல் பருத்திச் சுளையை வைத்து இரும்புக் கம்பியை உருட்டினால் கொட்டை முன்னால் வழுக்கி வெளியேறும். இரண்டு உருளை கொண்ட கைமணையும் இதே வேலையைச் செய்யும். அதற்கு முன் பருத்தியை ஒரு மணி நேரம் வெயிலில் காய வைக்க வேண்டும். கொட்டை இறுகி, இழை விட்டுக்கொடுக்கும். ஈரமான கொட்டை நசுங்கினால் அதன் தோல் துணுக்குகள் பஞ்சில் ஏறி, கடைசியில் துணியில் கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். கையால் நீக்கிய கொட்டை உடைவதில்லை. அடுத்த விதைப்புக்கு அதுவே விதை.

இந்தக் கட்டத்தில் பொந்தூரைப் பார்க்காமல் போக முடியாது. ஆந்திராவின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்தில் உள்ள அந்த ஊரில், மலைப்பகுதியில் விளையும் நாட்டுப் பருத்தியில் 100-ஆம் நம்பர் வரை கையால் நூற்கிறார்கள். ஆலைக் கணக்குப்படி இந்த இனப் பஞ்சில் அது நடக்கக் கூடாது. நடப்பதற்குக் காரணம் தயாரிப்பு. கொட்டை நீக்குவதற்கு முன்பே, ஒவ்வொரு சுளையையும் வாளை மீனின் தாடை எலும்பால் வாரிவிடுகிறார்கள். தாடையின் நெருக்கமான, உள்நோக்கி வளைந்த சிறு பற்கள் தூசியையும் முதிராத குட்டை இழைகளையும் பிடித்து நீக்கும், நல்ல இழைகளை ஒரே திசையில் கிடத்தும். இழையின் ஒரு முனை இன்னும் கொட்டையிலேயே பிடித்திருப்பதால் வாரும்போது அது சிக்காது. கொட்டை இருக்கும்போதே வாருவது என்பதுதான் இதன் நுட்பம், எந்த ஆலையிலும் இது கிடையாது. அதன் பிறகு பலகையில் கம்பி உருட்டிக் கொட்டை நீக்கி, சிறு வில்லால் கொட்டிப் பட்டை உருட்டி, அதை உலர்ந்த வாழை மட்டைக்குள் சுற்றி வைத்துக்கொண்டு நூற்கிறார்கள். விரல் வியர்வை பட்டையில் படாது. டாக்கா மஸ்லினுக்கும் ஆர்போரியம் இனப் பருத்திதான், அங்கும் இப்படி மீன் தாடையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

20-ஆம் நம்பருக்கு அவ்வளவு வேண்டியதில்லை, வில்லால் கொட்டினால் போதும். நாண் பஞ்சின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் அதிர வேண்டும். அதிர்வில் இழைகள் பிரிந்து எழும், தூசி கீழே உதிரும். நாணைப் பஞ்சுக்குள் ஆழமாக இறக்கினால் பஞ்சு நாணில் சுற்றிக்கொண்டு சிறு முடிச்சுகளாகும். அந்த முடிச்சுகள் நூலில் அப்படியே வந்து நிற்கும். மழை நாளில் கொட்டுவதைத் தள்ளிப்போடுவது நல்லது, ஈரப் பஞ்சு பிரியாது. கொட்டியதும் 2 கிராம் அளவு எடுத்து, பலகையில் பரப்பி, பென்சில் தடிமனுள்ள குச்சியில் தளர்வாக உருட்டி, குச்சியை உருவிவிட்டால் ஒரு சாண் நீளப் பட்டை கிடைக்கும். அழுத்தி உருட்டிய பட்டையில் இழை நழுவாது, வெட்டி வெட்டி வரும். பட்டை போட்ட அன்றோ மறுநாளோ நூற்றுவிட வேண்டும். அடுக்கி வைத்தால் அதுவே அழுந்திக் கெட்டியாகிவிடும்.

முறுக்கு

நூலுக்கு வலிமை தருவது முறுக்கு. இழை குட்டையானால் முறுக்கு கூட வேண்டும், ஏனென்றால் ஒவ்வோர் இழையும் பக்கத்து இழையைப் பிடித்திருக்கும் நீளம் குறைவு. ஓர் அங்குலத்துக்கு எத்தனை முறுக்கு என்பதற்கு, நூல் நம்பரின் வர்க்கமூலத்தை ஓர் எண்ணால் பெருக்க வேண்டும். கருங்கண்ணியில் பாவுக்கு (துணியின் நீளவாட்டு நூல்) 4.75, ஊடைக்கு (குறுக்கு நூல்) 4 என்று வைத்துக்கொள்ளலாம். 20-இன் வர்க்கமூலம் 4.47. ஆக, பாவு நூலுக்கு அங்குலத்துக்கு 21, ஊடைக்கு 18.

ராட்டையில் இதை எண்ணிப் பார்க்க முடியும். சக்கரம் 60 செ.மீ. விட்டம், கதிரில் கயிறு ஓடும் இடம் 1 செ.மீ. என்றால் சக்கரம் ஒரு முறை சுற்றக் கதிர் 60 முறை சுற்றும். கயிறு கொஞ்சம் வழுக்குவதால் 55 என்று கொள்ளலாம். ஒரு இழுப்பில் 24 அங்குலம் நூல் வந்தால் 504 முறுக்கு தேவை, அதாவது ஒரு இழுப்புக்குச் சக்கரம் சுமார் 9 சுற்று. கயிறு தளர்ந்தால் இந்த எண்ணிக்கை சத்தமில்லாமல் குறையும். நூற்கும்போது தெரியாது, பாவு ஓட்டும்போது நூல் நழுவி அறும். அதனால் கயிறில் தேன்மெழுகு தேய்த்து வைப்பதும், கதிர் நேராக இருக்கிறதா என்று தினமும் பார்ப்பதும் சிறு வேலைகள் அல்ல. முனை வளைந்த கதிர் ஒவ்வொரு சுற்றிலும் நூலை உதறும், அதனாலேயே பாதி அறுப்பு வரும்.

இழுப்பின் நுட்பம் ஒன்று மட்டும். பட்டையை விரல்களுக்கிடையே அழுத்தாமல் பிடித்துக் கை பின்னால் போகும்போது, முறுக்கு முதலில் மெல்லிய இடத்தைப் பிடித்து இறுக்கும். தடித்த இடம் தளர்ந்தே இருக்கும், மேலும் இழுத்தால் அது நீண்டு மெலியும். நூல் தன்னைத்தானே சமன் செய்துகொள்கிறது. உருளை இயந்திரத்தால் இதைச் செய்ய முடியாது, இழை நீளம் ஒத்ததாக இல்லாத நாட்டுப் பஞ்சுக்கு இது பெரிய வரம். விரலை அழுத்தினால் முறுக்கு பட்டைக்குள் ஏறிவிடும், பிறகு இழுக்க வராது. இழுப்பு முடிந்ததும் நூலை நீட்டியபடியே இரண்டு சுற்று கூடுதல் முறுக்கு ஏற்றி, சக்கரத்தைச் சிறிது பின்னால் திருப்பி, கதிருக்குச் செங்குத்தாகப் பிடித்துச் சுற்ற வேண்டும்.

நூலைச் சிட்டமாக (வளையக் கட்டாக) சுற்றி எடை போட்டால் நம்பர் தெரிந்துவிடும். 1,000 மீட்டர் 30 கிராம் இருந்தால் மெட்ரிக் கவுண்ட் (ஒரு கிராமுக்கு எத்தனை மீட்டர்) 33, அது பழைய ஆங்கிலக் கணக்கில் 20-ஆம் நம்பர். 40 கிராம் என்றால் மெட்ரிக் 25, பழைய கணக்கில் சுமார் 15. பாவுக்கான சிட்டங்களுக்குள் எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அவற்றை ஒரே பாவில் சேர்க்கக் கூடாது. துணியில் கோடு கோடாகத் தெரியும்.

கஞ்சியும் தறியும்

கைநூலைத் தறியில் ஏற்ற நெசவாளர்கள் தயங்குவதற்குக் காரணம் உண்டு. ஆலை நூலைப் போல ஒரே சீராக இல்லாததால் அறுப்பு அதிகம், ஒரு நாளின் நெசவு குறையும், கூலி மீட்டருக்கு. இந்தத் தயக்கத்தைத் தீர்ப்பது பேச்சு அல்ல, கஞ்சி.

பச்சை நூலின் மேல் மெல்லிய மெழுகு இருக்கும், தண்ணீரை உள்ளே விடாது. சிட்டத்தை இரண்டு நாள் ஊறவைத்து, தண்ணீரை மாற்றி, மிதித்துப் பிழிந்த பிறகே கஞ்சி உள்ளே இறங்கும். இதைத் தவிர்த்தால் கஞ்சி மேலேயே காய்ந்து, தறியில் பொடியாக உதிரும். ஒரு கிலோ நூலுக்கு 150 முதல் 200 கிராம் அரிசி மாவைக் கட்டியில்லாமல் காய்ச்சி, 10 கிராம் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ சேர்க்கலாம். எண்ணெய் கூடினால் நூல் வழுக்கும், இல்லாவிட்டால் காய்ந்து முறியும். கஞ்சி போட்ட பாவைத் தெருவில் நீட்டி, இழுத்துக் கட்டி, ஒரே திசையில் தூரிகையால் தடவிக்கொண்டே உலர்த்துவது பழைய முறை. கைநூலுக்கு அதைவிடச் சிறந்தது இல்லை. நீட்டிய பாவில் பிசிறுகள் நூலோடு படிந்துவிடுகின்றன. சிட்டமாகவே கஞ்சியில் நனைத்துக் காயப்போட்டால் பிசிறுகள் பக்கத்து நூலோடு ஒட்டி, மிதியை அழுத்தும் ஒவ்வொரு முறையும் இரண்டு நூல் சேர்ந்து அறும்.

எத்தனை நெருக்கமாக நெய்வது? 20-ஆம் நம்பர் நூலை ஒட்டி ஒட்டி அடுக்கினால் அங்குலத்துக்குச் சுமார் 125 நூல் வரும் (வர்க்கமூலத்தை 28-ஆல் பெருக்குங்கள்). சாதா நெசவில் ஊடைக்கு இடம் விட வேண்டும் என்பதால் அதில் பாதி, 62. கைநூலின் பிசிறுக்கும் உப்பலுக்கும் இடம் கொடுத்து அதில் முக்கால்வாசிக்கும் குறைவாக, 44 என்று அச்சு (பாவு நூல்கள் நுழைந்து வரும் சீப்பு) எடுப்பது பாதுகாப்பானது. 52 அச்சில் ஏற்றிவிட்டு நூலைக் குறை சொல்பவர்கள் உண்டு. அச்சின் பற்கள்தான் அங்கே நூலை உரித்துக்கொண்டிருக்கும்.

நெய்பவர் குழிக்குள் கால் விட்டு உட்காரும் குழித்தறிக்கு இதில் தனி இடம். பாவு தரையை ஒட்டிக் கிடப்பதால் குழியின் ஈரம் அதில் ஏறும். பருத்தி ஈரத்தில் வலிமை கூடும் இழை. மேல்காற்று வீசும் கரிசல் மாதங்களில் விடிகாலையிலும் மாலையிலும் நெய்து, உச்சிவெயிலில் ஊடை நூலைத் தாரில் சுற்றும் வழக்கம் காரணத்தோடு வந்தது.

இரண்டு சட்டைக்கு எவ்வளவு

36 அங்குல அகலத்தில் 5 மீட்டர் துணி. அங்குலத்துக்கு 44 வீதம் 1,584 பாவு நூல். நெசவுச் சுருக்கத்துக்கும் தறியில் மிஞ்சும் துண்டுக்கும் சேர்த்துப் பாவு நீளம் 6.25 மீட்டர் என்றால் 9,900 மீட்டர் நூல். ஊடை அங்குலத்துக்கு 40 வீதம் சுமார் 7,600 மீட்டர். மொத்தம் 17,500 மீட்டர், 525 கிராம். கழிவுக்கு 7 சதவீதம் சேர்த்தால் 560 கிராம் நூல், அதற்கு 650 கிராம் பஞ்சு, அதாவது 2 கிலோ பருத்தி.

ஒற்றைக் கதிரில் தேர்ந்த கை மணிக்கு 300 மீட்டர் நூற்கும். 18,700 மீட்டருக்கு 62 மணி நேரம், நாளுக்கு எட்டு மணி வைத்தால் எட்டு நாள். நெய்வது இரண்டு நாளுக்குள் முடியும். விலையில் பருத்தியின் பங்கு மிகச் சிறியது, நூற்பவரின் நேரம்தான் எல்லாம். உழவருக்குச் சந்தை விலையைப் போல ஒன்றரை மடங்கு கொடுத்தாலும் துணியின் விலை பெரிதாக ஏறாது என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. கருங்கண்ணியை வயலில் நிறுத்திவைக்க முதலில் செய்யக்கூடியது அதுதான்.

இரண்டாவது, பட்டை. கொட்டை நீக்கலும் கொட்டுதலும் நூற்பவர் தலையிலேயே விழுந்தால் அந்த எட்டு நாள் பத்து, பன்னிரண்டாகும். ஒரு சிறு அரவை மணையும், பேல் கட்டாத பஞ்சை மென்மையாகச் சீவும் சிறு கார்டிங் இயந்திரமும் ஒரு வட்டாரத்துக்கு ஒன்று இருந்தால், கருங்கண்ணி வேறு மாநிலத்துக்குப் போய் வர வேண்டியதில்லை. கொட்டையும் கலக்காமல் உழவருக்கே திரும்பும். சங்கங்கள் பணம் போட வேண்டிய இடம் புதிய ராட்டைகளைவிட இதுவே.

துணியை வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு: தைக்கக் கொடுப்பதற்கு முன் ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, அலசி, கஞ்சியைப் போக்கி, நிழலில் உலர்த்துங்கள். முதல் நனைப்பில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு சுருங்கும். 5 மீட்டர் வாங்கினால் நாலரை மீட்டர் என்று தையற்காரரிடம் சொல்லுங்கள்.